கப்பல் தொங்கும் தேவாலயங்கள்

டென்மார்க்கில் தேவாலயம் என்றால் வெள்ளைச் சுவர். உள்ளே போனால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோமோ என்றிருக்கும். அதனால்தான், நூறு வருடத்துக்கு முன்பு யாரோ ஆசைப்பட்டுக் கூரையெல்லாம் கொடி ஓடவிட்டு, கண்ணாடியில் அல்லி பூக்கவிட்டு, கதவின் இரும்பைக்கூடத் தண்டும் மொட்டுமாக வளைத்துவைத்த தேவாலயங்களைத் தேடிப் போகும் பைத்தியம் எனக்குப் பிடித்தது. இக்காஸ்ட் என்ற ஊரில் கிழமை முழுக்கத் துணி வெட்டும் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமை ஏதாவது ஒரு பூப்போட்ட கூரைக்குக் கீழே அண்ணாந்து நிற்பேன்.

"சைவக்காரன் செய்யிற வேலையே இது?" என்பாள் மனைவி. ஒருநாளும் கூட வந்ததில்லை.

வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த அந்த வசந்தத்தில் அவளாகவே, "நானும் வாறன்" என்றாள். அவளுடைய தம்பி காலில் ஷெல் துண்டு பட்டு, தாயோடு கடற்கரையில் கிடந்தான். காயக்காரரை ஏற்ற வரும் கப்பலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் கடைசிச் செய்தி. பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. வீட்டுச் சாமியறையில் கேட்க வேண்டியதையெல்லாம் அவள் கேட்டு முடித்திருந்தாள். இன்னொரு கடவுளைக் கேட்பதால் குறைந்தா போய்விடும்?

முதல் தேவாலயத்தின் வாசலிலேயே சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினாள். நான் கண்ணாடி அல்லிகளைக் காட்டி, அது எந்தக் காலத்துப் பாணி என்று விளக்கத் தொடங்கினேன். அவள் காதில் விழவில்லை. கூரையிலிருந்து தொங்கிய ஒரு சின்ன மரக்கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த நாட்டுத் தேவாலயங்கள் பலவற்றில் அப்படி ஒன்று தொங்கும். நான் அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

"இது என்னத்துக்கெண்டு கேளுங்கோ."

அங்கிருந்த பணியாளரைக் கேட்டேன். புயலில் பிழைத்து வந்த மாலுமிகள் நன்றியாகக் கொடுத்தது என்றார். "இப்போது யாரும் அப்படி நம்புவதில்லை" என்று அவசரமாகச் சேர்த்தும் கொண்டார், தேவாலயத்தைப் பற்றி நாங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று.

"நேர்த்திக் கப்பல்" என்றாள் மனைவி. கால் சுகமானால் கோயிலுக்கு வெள்ளிக்கால் கொடுப்பவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. கைகூப்பியபடி கப்பலுக்குக் கீழே மூன்று முறை சுற்றி வந்தாள். பணியாளர் வாயைப் பிளந்து பார்த்தார். நான் கூரையை ரசிப்பவன்போல் நின்றேன்.

அதன்பிறகு எந்தத் தேவாலயம் என்றாலும், "கப்பல் இருக்கோ?" என்பதுதான் கேள்வி. சுவர் நிறையத் தேவதூதர்கள் பறந்த அற்புதமான ஒரு தேவாலயத்தில் கப்பல் இல்லை என்றதும் காரைவிட்டு இறங்க மறுத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அடுத்த கிழமை, கப்பலைத் தவிர வேறொன்றும் இல்லாத வெள்ளைச் சுவருக்கு நானே காரைத் திருப்பினேன். பயம் எனக்கும் இருந்தது.

போர் முடிந்துவிட்டதாக டேனிஷ் தொலைக்காட்சியில் வானிலைக்குச் சற்று முன் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு பின்னேரம் தம்பியிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தானாம், இதுவரை யாரோடும் கதைக்க விடவில்லையாம். மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"கப்பல் வந்ததோடா?"

"ஓம் அக்கா, வந்தது. காயக்காரரை மட்டும்தான் ஏத்தினவங்கள். அம்மாவை விடேல்லை. அடுத்த கப்பலிலை வாறன் எண்டு கரையிலை நிண்டவ. பிறகு கப்பல் வரேல்லை. அதுக்குப் பிறகு அவவை ஒருத்தரும் காணேல்லை."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் இவனை மட்டுமெல்லோ கேட்டனான்" என்றாள். "அம்மாவுக்குக் காயமில்லைத்தானே எண்டு விட்டிட்டன்."