கறுப்பாகவே இருக்கட்டும்

அந்த ஓட்டலின் வெள்ளிச் சாமான் அறையில் அத்தை இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். கரண்டி, தட்டு, தேநீர்க் கெண்டி எல்லாம் அழுக்காகக் கீழே வரும், அவள் கைபட்டு மின்னிக்கொண்டு மேலே போகும். வீட்டில் அவள் சேர்த்து வைத்திருக்கும் முப்பத்தொரு பழைய வெள்ளிக் காசுகள் மட்டும் கன்னங்கரேலென்று கிடக்கும். ஊரான் கரண்டிக்கு இருக்கிற கொடுப்பினை சொந்தக் காசுக்கு இல்லை என்று அப்பா தங்கையைச் சீண்டுவார்.

அத்தை அசரமாட்டாள். ஓட்டல் கரண்டிகளின் பிடியில் முன்பு ஒரு கப்பல் பொறித்திருக்குமாம். இப்போது தடவினால்கூடத் தெரியாது.

"அந்தக் கப்பலை முழுகடிச்சவ நான்தான்" என்பாள். "தினம் தேய்ச்சுத் தேய்ச்சே."

ஓட்டலின் ஐம்பதாம் ஆண்டுக்காக, ஊழியர்கள் சேகரித்த பொருட்களை வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க மேனேஜர் முடிவு செய்தார். அத்தையின் காசுகளைக் கேட்டார், துலக்கிக் கொண்டுவரச் சொன்னார். அப்படியே வைப்பதென்றால் தருகிறேன் என்றாள் அத்தை. சரி, கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார் அவர். அவளுக்கு ஆசைதான். அந்தக் காசுகளை வீட்டுக்கு வெளியே யாரும் பார்த்ததில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்க அட்டை எழுத என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

வெள்ளி அறைக்கு ஒரே சட்டம். தொட்டிக்கு இடப்பக்கம் இருப்பது துலக்க வேண்டியது, வலப்பக்கம் இருப்பது துலக்கியது. கண்ணாடிப் பெட்டியை அளக்க என்னோடு மேலே வரவேற்பறைக்குக் கிளம்பிய அத்தை, பழக்கதோஷத்தில் காசுத் தட்டை இடப்பக்கம் வைத்துவிட்டாள். அவளோடு வேலை செய்பவருக்குச் சத்தமில்லாமல் நடப்பதால் பூனை என்று பேர். நாங்கள் திரும்பி வருவதற்குள் பூனை நான்கு காசுகளை வெள்ளி துலக்கும் மருந்தில் முக்கி, பொடி போட்டுத் தேய்த்து, வலப்பக்கம் அடுக்கிவிட்டார்.

"இடது பக்கம் இருந்துச்சேக்கா" என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

அத்தை அவரைத் திட்டவில்லை. "வச்சது நான்" என்றாள். ஒரு காசை விளக்கின் கீழ் சாய்த்து எனக்குக் காட்டினாள். அதில் பொறித்திருந்த தலையில் கூந்தல் இழைகள் மழுங்கி, கன்னமெல்லாம் மெல்லிய கீறல்கள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் இறங்கி வந்தார். நான்கையும் பார்த்துப் பூரித்துப்போனார். மிச்சத்தையும் இப்படியே ஆக்கிவிடுங்கள், கறுப்பைப் பார்த்தால் இங்கே துலக்கவே ஆளில்லை என்று விருந்தினர்கள் நினைப்பார்கள் என்றார்.

"மூஞ்சியே போயிடுச்சு சார். பளபளப்பு மட்டும் நிக்குது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எழுதும்மா. கறுப்பா இருக்கறது காலம் செஞ்சது. வெள்ளையா இருக்கற நாலும் நாங்க கெடுத்தது. முப்பத்தொண்ணும் வைக்கலாம், இந்த அட்டையோட."

எழுதினேன். மேனேஜர் வாங்கிப் படித்துவிட்டு, எனக்கு மட்டும் புரியட்டும் என்று ஆங்கிலத்துக்கு மாறினார். ஆங்கில அட்டையில் கெடுத்தது என்பதை மெருகேற்றியது என்று மாற்றிவிடு, அவளுக்குத் தெரியவா போகிறது என்றார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் அத்தை.

மேனேஜர் எதிரிலேயே சொன்னேன், ஒரு வார்த்தை குறைக்காமல்.

அத்தை காசுகளை ஒவ்வொன்றாகத் தட்டின் குழிகளில் பதித்தாள். கெட்டுப்போன நான்கையும் அவற்றின் பழைய இடத்திலேயே வைத்து, தட்டை அதன் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"என் காசு சார். பாக்க ஆளில்லேன்னாலும் பரவாயில்ல, பொய் சொல்லிக் காட்டமாட்டேன்."

வேலை நேரம் முடிந்திருந்தது. ஊழியர்கள் பின்வாசல் வழியாகத்தான் போகவேண்டும். அத்தை ஓட்டல் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், காசுப் பெட்டியை இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி, வரவேற்பறையின் நட்டநடுவே நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். வாசற்காவலர் அவளை அடையாளம் தெரியாமல் விறைப்பாக ஒரு சலாம் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார். அத்தை தலையை மட்டும் அசைத்து ஏற்றுக்கொண்டு, தெருவில் இறங்கினாள்.