சீட்டு இல்லாத குடை

எங்கள் பெரியக்காவின் வேலைச் சட்டையில் பை கிடையாது. இளநீல நிறம், முழங்கால் வரை நீளம், முன்பக்கம் ஆறு வெள்ளைப் பித்தான்கள். பை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி. தையற்காரர் மறந்துவிட்டார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். கொடியில் காயப்போட்டுக்கொண்டே அக்கா சொன்னாள்: "மறக்கலடா. ரூம் கூட்டுறவளுக்குப் பை இருந்தா எதையாச்சும் எடுத்துப் போட்டுக்குவாளாம். அதான் கைக்குட்டையக்கூட இடுப்புல சொருகிக்கிறோம்."

மலேசியாவில், போர்டிக்சன் கடற்கரைக்குப் போகும் சாலையை ஒட்டி இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பிறகு பாதிக் காட்டை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். பால்மரம் சீவத் தெரிந்த அக்காவுக்குச் சீவுவதற்கு மரம் இல்லாமல் போனது. கடற்கரையில் புதிதாக எழும்பியிருந்த ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வேலையில் அவளுக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. லயத்து வீட்டில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு கட்டில். அதன் விரிப்பை ஹோட்டல் முறைப்படி நாலு பக்கமும் இழுத்து மெத்தைக்கடியில் செருகிவிடுவாள். படுக்கப் போனால் காலை உள்ளே நுழைக்க முடியாது. உறைக்குள் கடிதம் நுழைவதுபோல மேலிருந்து வழுக்கிக்கொண்டு போக வேண்டும். துண்டை அன்னப்பறவையாக மடித்துத் தலையணைமேல் வைப்பாள். அப்பா வேலை முடிந்து வந்து அந்த அன்னத்தால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

அந்த வேலை இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை. ஒரு மழை நாளில், அறையில் தங்கியிருந்த வயதான வெள்ளைக்காரம்மா, அக்கா நனைந்துகொண்டு வேலையாட்களை ஏற்றிப்போகும் வேனுக்கு ஓடுவதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது தன்னுடைய மடக்குக் குடையை அக்காவின் கையில் கொடுத்துக் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். மஞ்சள் பூப்போட்ட குடை. விருந்தாளி எதைக் கொடுத்தாலும் அறை எண் போட்டுக் கையெழுத்து வைத்த சீட்டு ஒன்றும் வாங்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்தம்மா அவசரமாக வாசலில் நின்ற காடியில் ஏறிவிட்டதால் அக்கா கேட்கவில்லை. மாலையில் பின்வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா அவளுடைய கைப்பையைத் திறந்து குடையை வெளியே எடுத்தான். வேனில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அவங்க குடுத்தாங்க" என்று அக்கா சொன்னாள். "சீட்டு எங்கே?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான் விசாரணை. அடுத்த நாள் வேன் எங்கள் லயத்தில் நிற்காமல் போனது. அக்கா செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கப் போனாள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாய் மட்டும் நாற்பது வயதுக்கு வளர்ந்திருந்தது. கூட்டத்தைச் சிரிக்க வைப்பதுதான் நான் செய்த ஒரே உழைப்பு. மழை இருட்டினால் போதும், யார் வீட்டில் யார் இருந்தாலும், "அக்கா, குடை இருக்கா? சீட்டோட இருக்கா?" என்பேன். கல்யாண வீட்டில் கேட்டேன், அவளுடைய மாமியார் இருக்கும்போது கேட்டேன், அவள் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் கேட்டேன். எல்லாரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். "போடா எருமை" என்பாள். அவளும் சிரித்ததால் கணக்கு சரியாகிவிட்டது என்று நான் வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு ஐம்பத்தைந்து. சிரம்பானில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். "பதறாதீங்க, மூச்சு விடுங்க, பிரேக் உங்க கால்கிட்டதான் இருக்கு" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் வாய் இது. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் நிறைந்ததற்கு, அமெரிக்காவில் வேலை செய்யும் மகள், மெக்சிகோவில் ஒரு கடற்கரை விடுதிக்கு எங்களை அனுப்பிவைத்தாள். கையில் ஒரு பட்டையை மாட்டிவிடுகிறார்கள். அதைக் காட்டினால் எந்நேரமும் சாப்பிடலாம், குடிக்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். யாரும் எதுவும் கேட்காத இடத்தில் எனக்குப் பயம் வந்துவிடும். முதல் நாள் நாலு தடவை பசியாறினேன், எப்போது நிறுத்துவார்களோ என்று. சாப்பிட்ட தட்டை நானே கழுவுமிடம் தேடிக்கொண்டு போய், சமையற்கட்டிலிருந்து மரியாதையாக வெளியேற்றப்பட்டேன். என் மனைவியோ இந்த ஏற்பாட்டை ஆரம்பத்திலிருந்தே நம்பவில்லை. ஒரு பெரிய தகரம் நிறைய முறுக்கு சுட்டு, பெட்டியில் வைத்து, மூன்று விமானம் மாறி அங்கே கொண்டுவந்திருந்தாள்.

எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளமாக, அகலமாக, ஏதோ ஒரு பாட்டை மூக்காலேயே பாடிக்கொண்டு வருவார். வெளிர்பச்சைச் சட்டை. முதல் நாளே என் கண் அதில் பை இருக்கிறதா என்றுதான் பார்த்தது. இல்லை. துண்டில் அன்னம் செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். அதை அவிழ்க்க மனமில்லாமல் இரண்டு நாள் சட்டையாலேயே முகம் துடைத்தேன். மூன்றாம் நாள் காலை, மனைவி கடற்கரைக்குப் போயிருந்த நேரத்தில், அந்தப் பெண்ணுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. முறுக்குத் தகரத்தை அப்படியே எடுத்து அவர் கையில் வைத்தேன். தின்னும் பண்டம் என்று புரியவைக்க வாயால் கறுமுறுவென்று சத்தம் எழுப்பிக் காட்டினேன். பல் வலி என்று நினைத்தாரோ என்னவோ, முதலில் இரக்கப்பட்டார். பிறகு புரிந்துகொண்டு சிரித்து வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் மூன்றரைக்கு மனைவி குளித்துவிட்டு வந்தாள். "என்னங்க, முறுக்குத் தகரம் எங்க?"

"ரூம் கூட்டுற அம்மாவுக்குக் குடுத்துட்டேன். பெரிய மனுசன்லா நான்."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "முறுக்குக்கு அடியில, காகிதத்துக்குக் கீழதான் வளையல வெச்சிருந்தேன்."

எங்கள் அம்மா மரம் சீவிச் சம்பாதித்துச் செய்த இரண்டு தங்க வளையல்கள். பெரியக்காவுக்கென்று இருந்தவை. என் கல்யாணத்தன்று அக்கா தன் கையிலிருந்து கழற்றி என் மனைவியின் கையில் போட்டுவிட்டாள். "சுவத்துலதான் இரும்புப் பெட்டி இருக்கே!" என்று கத்தினேன். "திருட வர்றவன் மொதல்ல அந்தப் பெட்டியத்தான் தேடுவான். முறுக்குக்குள்ள எவன் கைய விடுவான்? எங்கம்மா காலமெல்லாம் அரிசித் தகரத்துலதான் வெச்சாங்க" என்றாள்.  எங்கள் அம்மாவும் அங்கேதான் வைத்தாள்.

போனை எடுத்து வரவேற்பில் சொல்லலாம் என்று கையை நீட்டினேன். 'வளையலைக் காணோம்' என்றால் அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும்: அறையைச் சுத்தம் செய்தது யார்? போனை வைத்தேன். நான் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முப்பது வருடத்துக்குமேல் அந்தச் சீட்டை வைத்தே ஊரைச் சிரிக்க வைத்தவன், எழுத வேண்டிய நேரத்தில் அதை மறந்திருக்கிறேன். பின்வாசலில் தகரத்தைத் திறந்தால், அடியில் தங்கம் இருக்கும். அந்தப் பெண்ணுக்கே அது தெரியாது.

கிளம்பினேன். ஓடினேன் என்றுதான் எழுத ஆசை. ஆனால் நீச்சல் கால்சட்டையும் கிளிப்படம் போட்ட சட்டையும் ஹோட்டலின் பஞ்சுச் செருப்புமாக என் வயிறு முன்னால் ஓட, நான் அதைத் துரத்திக்கொண்டு போனேன். தோட்டக்காரர் ஒருவரிடம், வேலையாட்கள் வீட்டுக்குப் போகும் வழி எது என்பதைக் கைகூப்பித் தலை சாய்த்துத் தூங்குவதுபோல நடித்துக் கேட்டேன். அவர் அன்போடு என்னை ஒரு சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தார். மூச்சு விடுங்க, பிரேக் கால்கிட்டதான் இருக்கு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பாடம் சொல்லிக்கொடுப்பவனுக்கு அது வேலை செய்யாது போலிருக்கிறது. அப்போது அக்கா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது: "அழுக்குத் துணி வண்டி எந்தப் பக்கம் போவுதோ, அந்தப் பக்கந்தான் எங்க வாசல்." ஒரு துணி வண்டியின் பின்னாலேயே போனேன்.

பின்வாசல் இருந்தது. மேசை, அதன் பின்னே ஒரு ஜாகா. பெண்கள் சொந்த உடைக்கு மாறி, பைகளைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எங்கள் அறைக்கு வந்த பெண் மூன்றாவது. தகரத்தைக் குழந்தையைப்போல அணைத்திருந்தார். நான் வந்துசேரவும் அவருடைய முறை வரவும் சரியாக இருந்தது. ஜாகா தகரத்தைத் தட்டி ஏதோ கேட்டான். அவர் என்னைப் பார்த்துக் கை காட்டினார். ஆங்கிலம் தெரிந்த மேற்பார்வையாளர் ஒருவர் வந்து, "சார், ஏதாவது காணாமல் போய்விட்டதா?" என்றார். கேட்கும்போதே அவர் பார்வை அந்தப் பெண்ணின் பக்கம் போய்த் திரும்பியது. அன்று வேனில் இருந்தவர்களும் அக்காவை அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

"காணாமல் போகவில்லை, நான் இவருக்குக் கொடுத்தது. எங்கள் ஊர்ப் பலகாரம், எல்லாரும் சாப்பிட வேண்டும்" என்று சொல்லி நானே மூடியைத் திறந்தேன். ஜாகாவுக்கு இரண்டு, மேற்பார்வையாளருக்கு இரண்டு, வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் ஒன்று. கறுமுறு சத்தம் அந்த வாசல் முழுக்கக் கேட்டது. முறுக்கு குறையக் குறைய, காகிதத்துக்கடியிலிருந்து வளையல்கள் எட்டிப் பார்த்தன. முதலில் கண்டது அந்தப் பெண்தான். சூடு பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். 

நான் வாழ்நாளெல்லாம் கற்றது ஒரே ஒரு வித்தை. அதை அங்கே இறக்கினேன். தலையில் ஓங்கி அடித்துக்கொண்டு, "ஐயோ! நான் ஒளித்து வைத்தது! நானே மறந்து நானே கொடுத்த மடையன்!" என்று கூவினேன். இரண்டு வளையலையும் என் கையில் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன், கட்டைவிரலைத் தாண்டவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு காதைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் போட்டதற்குப் பிறகு அன்றுதான். மூன்றாவதில் முழங்கால் பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. வரிசை முழுக்கச் சிரித்தது, ஜாகா மேசையைத் தட்டிச் சிரித்தான். எல்லாருடைய பார்வையும் என்மேல்தான் இருந்தது. அவரை யாரும் பார்க்கவில்லை. கடைசியில் அவர்தான் வந்து கைகொடுத்து என்னைத் தூக்கிவிட்டார். தகரத்திலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்து, என்னவோ சொன்னார். புரியவில்லை. வையாமல் இருந்திருக்க மாட்டார்.

மேற்பார்வையாளரிடம் காகிதம் வாங்கி, மேசையிலேயே குனிந்து எழுதினேன். அவர் அதன் கீழே அவர்கள் மொழியில் எழுதினார். அந்தப் பெண் இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்கு முன் என் போனில் அதைப் படம் எடுத்துவைத்தேன்.

அறைக்கு வந்ததும், சிரம்பானில் லோபாக்கில் மகனோடு இருக்கும் பெரியக்காவைக் கூப்பிட்டேன். அங்கே மறுநாள் விடிந்துகொண்டிருந்தது.

"என்னாடா, இன்னும் பசியாறக்கூட இல்ல, அதுக்குள்ள போனு?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். தோட்டக்காரர் படுக்கவைத்த இடத்தில் சிரித்தாள். தோப்புக்கரணத்துக்குச் சிரித்துச் சிரித்து இருமினாள். வளையல் கிடைத்ததா என்று கேட்கவே இல்லை. சிரிப்பு அடங்கியதும், "சீட்டு எழுதிக் குடுத்தியா?" என்றாள்.

"குடுத்தேன்க்கா."

"என்னா எழுதுன? படி."

படத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். "இந்தத் தகரமும் இதில் உள்ளதும் நான் என் மனதார இவருக்குக் கொடுத்தது. இவர் எதையும் எடுக்கவில்லை. கீழே என் பெயர், அறை எண், கையெழுத்து."

அந்தப் பக்கம் அடுப்பில் தண்ணீர் கொதிப்பது மட்டும் கேட்டது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி அந்த இடைவெளியை மூடிவிட நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

"இன்னொரு தரம் படிடா" என்றாள் அக்கா.

அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்.