அணையாத சிவப்பு பல்பும் என் வயர்மேன் சர்ட்டிபிகேட்டும்

வயர் கருகும் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பயமெல்லாம் அதற்குப் பிறகு. மூக்கில் அந்தக் காரம் ஏறியதும், மலேசியாவில் செமோர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடு பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகக் கண்முன் வந்து நிற்கும்.

எண்பதுகளின் தொடக்கம். அந்த லயங்களுக்குக் கரண்ட் வந்து அதிக நாளாகவில்லை. நான் ஈப்போவில் ஒரு கான்ட்ராக்டரிடம் வயர் இழுத்துக்கொண்டே மாலை நேர வயர்மேன் வகுப்புக்குப் போனேன். சர்ட்டிபிகேட் கிடைத்தால் சொந்தமாக வேலை எடுக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடி அதே லாரி, அதே அதட்டல்.

கடைசித் தேர்வு, ஆட்கள் குடியிருக்கும் வீட்டில். மெயின் சுவிட்சை அணைத்து, லைன் செத்துவிட்டதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்து, வயரில் கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெகரைச் சுற்றி அளவெடுத்து, வீடு பாதுகாப்பானதா என்று சொல்ல வேண்டும். மார்க் போடுபவர் எங்கள் பயிற்சியாளர் செல்வராஜ் சார். வீடு, பால்மரம் வெட்டும் பாக்கியம் அக்காவுடையது.

எனக்கு முன்னால் மூன்று பேர் உள்ளே போய், "ஓகே சார்" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். நான் போய் மெயினை அணைத்தேன். ஃபேன் நின்றது. ரேடியோ பாதிப் பாட்டில் வாயை மூடியது. மாரியம்மன் படத்துக்கு முன்னால் சிவப்பு பல்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

"சார், இது எப்படி எரியுது?"

"அதப் பாக்காத தம்பி. சாமி விளக்கு, பக்கத்து வீட்டு லைன்லேருந்து வருதுலா. இங்க ஃபியூஸ் போனாலும் அணையக்கூடாதுன்னு எடுத்திருக்காங்க. லயம் பூரா இப்படித்தான்."

ஒரு வீட்டுச் சாமிக்கு அடுத்த வீட்டுக் கரண்ட். அன்பால் போட்ட முடிச்சு. ஆளைக் கொல்லும் முடிச்சும் அதுதான். மெயினை அணைத்தாயிற்று என்று நம்பிக் கூரையில் கை வைப்பவன் உயிரோடு இறங்க மாட்டான். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரி சுற்றிய ஜாயிண்ட், கருகிப்போய், தகரத்தை உரசிக்கொண்டு கிடந்தது.

"லைன் டெட் இல்ல சார். இந்த வீட்ட நான் பாஸ் பண்ண மாட்டேன்."

"வீட்ட நீ பாஸ் பண்றது இருக்கட்டும். உன்ன நான் பாஸ் பண்ணுவேனான்னு மொதல்ல பாரு."

பக்கத்து வீட்டில் சொல்லி அவர்கள் மெயினையும் அணைக்கவைத்தேன். பல்பு அணைந்தது. டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஜாயிண்டை வெட்டி எடுத்தேன். அடுப்படியிலிருந்து அக்கா ஓடி வந்தார்.

"மூணு பேரு வந்தானுங்க, ஒருத்தனும் ஆத்தா விளக்குல கை வைக்கல. நீ என்னடா பெரிய இவனா?"

"உங்க வீட்டு லைன்லயே மாட்டித் தரேன்கா."

"உன் கையே படவேணாம், போ!"

செல்வராஜ் சார் எனக்கு ஃபெயில் போட்டார். காரணம், வீட்டுக்காரரிடம் தகராறு. சிரித்துக்கொண்டு வந்த மூவரும் பாஸ். மறுதேர்வு வரை நான் லாரியில்தான் கிடந்தேன். பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டியவரே பார்க்காதே என்றாரே, அதற்கு இன்னும் வயிறு எரிகிறது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன்: சுவிட்சை நம்பாதே, டெஸ்டரை நம்பு, பக்கத்தில் நின்று முறைப்பவர் யாராக இருந்தாலும் சரி.

அன்று டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கப் போனேன். அக்கா வாசலை மறித்து நின்றார்.

"ஆத்தாவ இருட்டுல விட்டுட்டுப் போறியே, நீ நல்லா இருப்பியா?"

"நான் எப்படியோ போறேன்கா. நீங்க இருப்பீங்க."