அக்காவின் பிரீசரில் இருந்த ஆட்டுத்தலை

ஜேர்மனியில், ஹனோவரிலிருந்து ஹார்ட்ஸ் மலையடிவாரம் வரைக்கும் ஓர் ஆட்டுத்தலையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போன ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டிக்கெட் பார்க்க வந்த பெண், பையிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கண்டு உள்ளே மீன் இருக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையை விளங்கப்படுத்துவதென்றால் மூன்று ஸ்டேஷன் காணாது.

அந்த வருடங்களில் மலையடிவாரச் சின்ன ஊர் ஒன்றில், விடுதிக் குசினியில் எனக்குச் சமையல் வேலை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு புல்வெளி, அதற்கு அப்பால் காடு. புல்வெளி ஒரு ஜேர்மன் பெண்மணியுடையது. ஐம்பதைத் தாண்டிய தனி ஆள். என்னைவிட ஒரு சாண் உயரம். எங்கள் வீட்டில் அவருக்கு ஆட்டுக்காரி என்று பெயர். பத்து ஆடு வைத்திருந்தார். எனக்கு ஓய்வு கிடைக்கும் நேரமெல்லாம் அந்த வேலியடியில்தான் நிற்பேன். அவர் ஜேர்மன் பேசுவார், நான் பாதி விளங்கிக்கொண்டு மீதிக்குத் தலையாட்டுவேன்.

அந்தப் பத்தில் ஒன்று வெள்ளைக் கிடாய்க் குட்டி, ஒரு காது மட்டும் கறுப்பு. பிறந்த அன்றே தாய் செத்துப்போனதால், ஆட்டுக்காரி தன் குசினியில் வைத்துப் போத்தல் பால் கொடுத்து வளர்த்தார். வளர்ந்த பிறகும் அது என் பின்னால் நாய்க்குட்டிபோல வரும். நான் அதன் முதுகைத் தடவி, "எப்ப கறி?" என்று தமிழில் கேட்பேன். அர்த்தம் சொன்ன நாளிலிருந்து, நான் அப்படிக் கேட்டால் ஆட்டுக்காரி வாளியைத் தூக்கிக்கொண்டு அடிக்க வருவார். மூன்று வருடம் எங்களுக்கு இதுதான் பகிடி.

ஒவ்வொரு நத்தாருக்கும், அதாவது கிறிஸ்மஸுக்கும், அவரிடம் வேறொரு கிடாய் வாங்குவோம். ஊர் இறைச்சிக்காரர் வெட்டித் தருவார். ஹனோவரிலிருந்து நம்மவர்கள் வருவார்கள், எங்கள் வீட்டில் கூறு போடுவோம். சதை, எலும்பு, ஈரல் எல்லாம் எல்லாக் கூறிலும் கொஞ்சம் கொஞ்சம் விழவேண்டும். தலை மட்டும் முழுதாக ஹனோவர் அக்காவுக்கு. கூடப் பிறந்த அக்கா இல்லை, ஆனால் தலைக்கறி அவர் கைக்குத்தான் சரிவரும் என்பதில் யாருக்கும் சண்டை கிடையாது.

ஓர் இலையுதிர் காலத்தில் ஆட்டுக்காரி தன் சகோதரியின் பிறந்தநாளுக்காக மூன்று நாள் ஹம்பேர்க் போனார். ஆடுகளைப் பார்க்கச் சொல்லித் தன் வீட்டுச் சாவியை என்னிடம் தந்தார். இந்த நாட்டுக்கு அகதியாக வந்து அத்தனை வருடத்தில் ஒரு ஜேர்மன்காரர் தன் வீட்டுச் சாவியை என் கையில் வைத்தது அன்றுதான். வீட்டுக்கு வந்து மனைவிக்கு அதை இரண்டு தரம் காட்டினேன்.

இரண்டாம் நாள் காலை வேலைக்குப் போகுமுன் தண்ணீர் வைக்கப் போனேன். ஆடுகள் எல்லாம் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. வெள்ளைக் கிடாய் மட்டும் காட்டுப் பக்க வேலியடியில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. கழுத்தில் இரத்தம், மூச்சு இழுத்தது. பின்தொடையில் ஒரு துண்டு போயிருந்தது. யாரோ அவிழ்த்துவிட்ட கட்டாக்காலி நாய் என்று நினைத்தேன். உட்கார்ந்து தலையை மடியில் எடுத்தேன். என்னடா ராசா என்றேன். கறுப்புக் காதை அசைத்தது. தப்பாது என்று தெரிந்துவிட்டது. அதன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, வேலைக்கு எடுத்துப் போகும் கத்தியால் கழுத்தின் அடியில் வெட்டி அதன் வேதனையை முடித்தேன். 

பிழை அதற்குப் பிறகுதான்.

"இஞ்சேருங்கோ, முதல்ல அவவுக்குப் போன் எடுங்கோ" என்றாள் மனைவி, நான் ஓடி வந்து சொன்னதும்.

"பிறந்தநாள் வீட்டில நிக்கிற மனிசிக்கு இதையோ சொல்றது? வரட்டும், நேரில சொல்லுவம்" என்றேன்.

இலங்கையில் எங்கள் ஊரில் ஓர் ஆடு இப்படி அடிபட்டால் சும்மா புதைத்துவிட மாட்டார்கள். வெட்டிக் கூறு போட்டு, முதற்கூறை உடையவர் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதுதான் மரியாதை. நானும் நத்தார்க் கூறுக்கு ஹனோவரிலிருந்து வரும் மன்னார் அண்ணையைக் கூப்பிட்டேன். கடிபட்ட தொடையைக் கழித்துவிட்டு ஐந்து கூறு போட்டோம். தலை வழக்கம்போல அக்காவுக்குப் போனது. தோல் குப்பைக்கு. புல்லில் இருந்த இரத்தத்தை எட்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். ஆகப் பெரிய கூறை, ஈரலும் சேர்த்து, ஆட்டுக்காரியின் பிரீசருக்குள் வைத்தேன். என் நல்ல கையெழுத்தில், 'உங்கள் பங்கு' என்று ஜேர்மனில் எழுதியும் ஒட்டினேன். ஒரு குறையும் விடாமல் செய்ததாக எனக்குப் பெருமை வேறு.

அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, நான் போவதற்குள் பிரீசரைத் திறந்துவிட்டார்.

வேலியடியில் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை.

"இது அவனா?"

"ஏதோ மிருகம் கடித்துவிட்டது" என்றேன்.

"என்ன மிருகம்? இருநூறு வருடமாக இந்தப் பக்கம் ஆடு தின்கிற எதுவும் கிடையாது. அவனை வெட்டியது யார்?"

"நான்தான். ஆனால்..."

"மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்தானே, எப்போது கறி என்று." கையை நீட்டினார். "சாவி."

எனக்கு மூக்கு நுனியில் கோபம். சாவியை அவர் கையில் வைக்காமல் வேலிக்கம்பத்தின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தேன். அவ்வளவு கொழுப்பு. வீட்டுக்கு வந்து சட்டி பானையிடம் கத்தினேன். என்னைக் களவெடுத்தவன் என்று நினைக்கிறாளே என்றேன். மனைவி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஆட்டை வெட்டி, கூறு போட்டு, அவவின்ர பிரீசருக்குள்ளேயே வைச்சு, எழுத்தும் எழுதி ஒட்டினனீங்கள். கள்ளன்கூட இப்பிடிச் செய்யமாட்டான். பிறகு அவவில கோவிக்கிறீங்கள்!"

மூன்று வாரம் அந்த வேலிப் பக்கம் போகவில்லை. வேலைக்குப் போகச் சுற்றுப்பாதை எடுத்தேன். அவரும் என் வீட்டுப் பக்கம் பார்ப்பதில்லை. ஒரு சாவிக்காக இந்த வயதில் இப்படி ஏங்குவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

பிறகு ஒரு மத்தியானம், வாராவாரம் சூப் குடிக்க வரும் காட்டு இலாகாக்காரர் விடுதிச் சுவரில் ஒரு படம் ஒட்டினார். பெரிய பூனை, காது நுனியில் குஞ்சம், கட்டை வால். 'லுக்ஸ்' என்று கீழே எழுதியிருந்தது, ஆங்கிலத்தில் லிங்ஸ் என்கிற காட்டுப் பூனை. முந்தி இந்த மலையில் இருந்து, சுடப்பட்டு அழிந்துபோன மிருகமாம். சில வருடங்களுக்கு முன் மேல் காட்டில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்களாம். இப்போது கீழேயும் இறங்குகிறது என்றார்.

"எதைத் தின்னும்?"

"மான்தான். எப்போதாவது ஓர் ஆடு. தொண்டையைக் கவ்விப் பிடிக்கும். ஆள் வந்தால் விட்டுவிட்டு ஓடிவிடும்."

சூப்புக் கோப்பையை வேறு ஒருவர் மேசையில் வைத்துவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"கழுத்து இருக்கிறதா?"

"சாப்பிட்டுவிட்டோம்."

"தோல்?"

"குப்பையில் போய்விட்டது."

"தலை?"

குசினிக்குள் ஓடிப்போய் அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"தலையோ? இவ்வளவு நாளும் பிரீசருக்குள்ள கிடந்தது. நாளைக்கு மகன் வாறான் எண்டு இப்பதான் வெளியில எடுத்து வைச்சனான். மயிர் பொசுக்கப் போறன்."

"ஐயோ அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன், தொடாதேங்கோ! நான் வாறன்."

"உனக்கென்ன விசரோ? தந்த தலையை ஆராவது திருப்பிக் கேப்பினமோ?"

அடுத்த ரயிலில் போனேன். அதற்கடுத்த ரயிலில் தலையோடு திரும்பினேன். காட்டு இலாகாக்காரர் ஸ்டேஷனில் நின்றார். நேரே ஆட்டுக்காரி வீட்டுக்குப் போனோம். அவர் கதவைப் பாதிதான் திறந்தார். காட்டு இலாகாக்காரரின் சட்டையைப் பார்த்த பிறகுதான் மீதி திறந்தது.

குசினி மேசையில் பத்திரிகையை விரித்துத் தலையை வைத்தோம். காட்டு இலாகாக்காரர் கையுறை போட்டு, தாடைக்குக் கீழே, என் கத்தி வெட்டுக்கு மேலே, மயிரை விலக்கித் தோலை உரித்தார். உள்ளே நாலு ஓட்டை. இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். அளவுகோலை வைத்துப் பார்த்தார்.

"நாய் என்றால் கண்ட இடமெல்லாம் பிய்த்திருக்கும். இது லுக்ஸ்தான். இவர் சொன்னது உண்மை" என்றார்.

ஆட்டுக்காரி அந்தக் கறுப்புக் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இருநூறு வருடம் கழித்து வருகிறது. வந்ததும் வராததுமாக என் பிள்ளைதானா அதற்குக் கிடைத்தான்?" சிரித்தார், அழுகையும் வந்தது. பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள் வந்தபோது உயிர் இருந்ததா?"

"இருந்தது."

"தனியாகக் கிடந்தானா?"

"இல்லை. தலை என் மடியில் இருந்தது. என் குரலுக்குக் காதை அசைத்தான்."

"இதை ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?"

"கோபத்தில் மறந்துவிட்டேன்" என்றேன். வெட்கமாக இருந்தது.

அவர் எழுந்து பிரீசரைத் திறந்து, நான் எழுதி ஒட்டிய அந்தப் பையை எடுத்தார். எறியவும் மனம் வரவில்லை, தின்னவும் முடியவில்லை என்றார். ஆப்பிள் மரத்தடியில் குழி நான்தான் வெட்டினேன். தலையையும் அந்தப் பங்கையும் சேர்த்துப் புதைத்தோம். கையைக் கழுவிக்கொண்டு நின்றபோது என் சட்டைப் பையில் ஏதோ விழுந்தது. சாவி. ஈரக் கையாலேயே அதைத் தடவிப் பார்த்தேன்.

அதன்பிறகு பொழுது சாய்ந்ததும் ஆடுகளைக் கொட்டிலில் அடைப்பது எங்கள் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது. லுக்ஸ் படம் ஒன்றை வாங்கி வந்து கொட்டில் கதவில் ஆட்டுக்காரியே ஒட்டினார். அதன்மேல் எனக்கும் கோபம் வரவில்லை. துரத்திவிட்ட இடத்துக்கே திரும்பி வரக் கிடைத்த அந்தப் பூனையைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் பழைய பகிடியை மட்டும் நான் திரும்பவும் எடுக்கவில்லை. எந்த ஆட்டின் முதுகைத் தடவினாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.

வசந்தத்தில் ஒரு குட்டி பிறந்தது. அதுவும் வெள்ளை. ஆட்டுக்காரி அதைத் தூக்கி வந்து வேலிக்கு மேலால் என் கையில் தந்தார். நான் பேசாமல் வாங்கித் தடவிக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மூன்று வருடம் கேட்டுக் கேட்டுப் பழகிய அந்த இரண்டு சொல்லையும், ஜேர்மன் நாக்கில் தட்டுத்தடுமாறி, தமிழில் கேட்டார்:

"எப்ப கறி?"