வால் மேல் வெள்ளை

ஏரிக்கரையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி செல்வி. அவள் அண்ணன் பழனி – ஸ்கூல் வேன் டிரைவர். அப்புறம் நஞ்சப்பா – மைசூரில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஏரிக்குக் காவலாளி. ஞாயிறானால் பறவை எண்ணுவார், எங்களையும் கூப்பிடுவார்.

போன ஞாயிறு காலை. தண்ணீரில் சீழ்க்கைச் சிறகிகள் கூட்டமாகக் கிடந்தன. விசிலடிக்கிற வாத்து. எப்போதும் இருப்பதுதான்.

"மாப்ள, இப்ப வந்து எறங்குச்சே, அதுல ஒண்ணுக்கு வால் மேல வெள்ளை" என்றார் பழனி.

நஞ்சப்பா எழுந்தே விட்டார். அந்த இடம் வெள்ளை என்றால் அது பெரிய சீழ்க்கைச் சிறகி. இந்தப் பக்கம் வருவது அபூர்வம். சாதாரண வாத்துக்கு அங்கே செம்பழுப்பு. தூரத்தில் நீந்தும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான். பறந்தால்தான் தெரியும்.

அவருக்குச் சந்தோஷம். எங்களுக்கு...?

செல்வி என்னை ஓரமாக இழுத்தாள். "அந்த வெள்ளை வாத்து மேல இருக்குதா, அண்ணன் கண்ணுல இருக்குதா?"

கொஞ்ச நாளாகப் பழனிக்கு ஒரு கண்ணில் வெள்ளையாக ஏதோ மிதக்கிறது. மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும். வேன் முழுக்கப் பிள்ளைகள். டாக்டர் சரி என்றால்தான் சாவியைத் தொடலாம்.

"கல் போட்டு எழுப்பலாமா?" என்றேன்.

"பேட ஸ்வாமி, வேணாம்! கல்லு போட்டா உங்களத் தூக்கி ஏரில போடுவேன்" என்றார் நஞ்சப்பா.

அவர் சட்டம் ஒன்று உண்டு. பறக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. எத்தனை வெள்ளை என்று எல்லோரும் ஒரே நேரத்தில் விரலால் காட்ட வேண்டும். ஒருத்தர் சொல்லிவிட்டால் மற்றவர் கண்ணும் அதையே பார்க்கும். இல்லையா?

காத்திருந்தோம்.

"ஏன் மாப்ள மூஞ்சி இப்படி? வாத்துக்குப் பிரசவம் நீங்களா பாக்கறீங்க?" என்றார் பழனி. நான் சிரிக்கவில்லை.

ஒரு பருந்து தாழ வந்தது. கூட்டம் விசிலடித்துக்கொண்டு எழுந்தது. தலைக்கு மேல் ஒரு சுற்று. செம்பழுப்பு, செம்பழுப்பு, செம்பழுப்பு... வெள்ளை!

இருந்தது. வாத்து மேல்தான் இருந்தது. செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் மூச்சு வந்தது. பயந்தவனுக்கு ஒரு நல்லது கிடைத்தால் போதும் – மீதியும் நல்லதென்று தானே எழுதிக்கொள்வான்.

"விரலு!" என்றார் நஞ்சப்பா.

நஞ்சப்பா, ஒன்று. செல்வி, ஒன்று. நான், ஒன்று.

பழனி, இரண்டு.