உதாரணத்துக்கு ஒரு வீடு

சமூகவியலில் விடை எழுதப் பழகுவது எப்படியென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாடி வைத்த இரண்டு ஐரோப்பியர் சொன்னதை முதலில் எழுத வேண்டும். தாடி இல்லாத ஒருவர் அவர்களை மறுத்ததை அடுத்து எழுத வேண்டும். நடுவில் நம்மூர் உதாரணம் ஒன்றைச் செருகி, கடைசியில் எல்லார் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு என்று முடித்துவிட வேண்டும். இவ்வளவையும் விரல் மரத்துப்போகிற வேகத்தில் செய்ய வேண்டும். நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்காக இதை நான் மூன்று தடவை செய்து, மூன்று தடவையும் தோற்றவன். எனவே இதைப் பற்றிப் பேச எனக்கு முழுத் தகுதி உண்டு.

நான்காவது தடவை நான் விண்ணப்பித்தபோது என் மனைவியும் விண்ணப்பித்தாள்.

இருவரும் அரசாங்கக் கந்தோர்களில் வேலை செய்கிறவர்கள். என் கதிரையில் இருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும். அவளுடைய கதிரையில் இருந்து பார்த்தால் அடுத்த கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கி தெரியும். இந்த வேறுபாட்டையும் அவள் பின்னர் ஒரு விடையில் பயன்படுத்தினாள்.

வீடு அன்புவழிபுரத்தில் இருக்கிறது. அவளுடைய சீதன வீடு. கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில், கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். நானும் ஒரு சூட்கேசோடு வந்தவன். மனைவியின் தாயான மாமியும் அதே வீட்டில்தான், முன்னறையில். அவர் என்னோடு நேரடியாகக் கதைப்பதில்லை. நான் முன்னால் நின்றாலும், "அவரைக் கேள், கேற்றைப் பூட்டினவரோ எண்டு" என்று மகளிடம்தான் சொல்வார். நான் "ஓம், பூட்டினனான்" என்பேன். மகள், "பூட்டினவராம்" என்பாள். ஒரே மொழி பேசுகிற இரண்டு பேருக்கு இத்தனை வருடமாக மொழிபெயர்த்துக் கொடுத்த பெண்ணுக்கு நிர்வாக சேவை பெரிய காரியமில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

வகுப்புகள் எல்லாம் தூர ஊர்களில். ஆகவே நாங்கள் சாப்பாட்டு மேசையின் இரண்டு அந்தங்களிலும் இருந்து எழுதினோம். எழுதி முடித்ததும் தாள்களை மாற்றி, சிவப்புப் பேனையால் இருபதுக்குப் புள்ளி போட்டோம். முதல் நாள் என் தாளில் அவள் எழுதினாள்: "முன்னுரை ஒரு பக்கம். விடை வழியில் வந்துகொண்டிருக்கிறது போலும். எட்டு." அவளுடைய தாளில் நான் எழுதினேன்: "உதாரணம் இல்லை. இரண்டு புள்ளி குறைக்கப்படுகிறது." மூன்று தோல்விகளில் நான் கற்ற ஒரே சட்டம் இதுதான். உதாரணம் இல்லாத விடைக்கு இரண்டு குறைவு. அதைத் தங்கம்போல் கொடுத்தேன். அவள் அதை அரிவாள்போல் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் குடும்பத்தில் வேலைப் பங்கீடு பற்றிய கேள்வி. அவளுடைய உதாரணம் இது: "ஒரு வீட்டில் இருவரும் கந்தோர் விட்டு ஒரே நேரத்தில் வருகிறார்கள். ஒருவர் குசினிக்குப் போகிறார். மற்றவர் நாட்டின் நிலைமை பற்றிக் கவலைப்படப் போகிறார்."

"இது தனிப்பட்ட தாக்குதல்" என்றேன்.

"எங்க உங்கட பேர் கிடக்கு? காட்டுங்கோ பாப்பம்."

சமூகக் கட்டுப்பாடு பற்றிய கேள்வி வந்தபோது நான் திருப்பிக் கொடுத்தேன். அலுமாரித் திறப்பு ஒரு பெண்ணின் இடுப்பில் தொங்குகிற, தன் நல்ல சேட்டு ஒன்றை எடுப்பதற்குக்கூட ஒரு ஆண் அனுமதி கேட்கிற வீடொன்றை வர்ணித்தேன். "திறப்பு எங்க கிடக்கெண்டு தெரிஞ்சால் சேட்டை மடிச்சு வைக்கவும் தெரியவேணும்" என்று ஓரத்தில் எழுதி ஆறு போட்டாள்.

இதுவரை இது வெறும் குடும்பச் சண்டை. மாமி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்த பிறகுதான் போட்டிப் பரீட்சை ஆனது.

மாமி நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் தனியே விடேலாது. காசு கொடுத்து ஆள் வைத்தோம். முதலில் வந்த பெண் மாமியின் வாய்க்குப் பயந்து குச்சவெளிக்கே திரும்பிப் போய்விட்டாள். இரண்டாவதாக வந்தவள் பாண் வாங்கக் கடைக்குப் போனவள், எனக்குத் தெரிந்த வரையில் இன்னும் வரிசையில் நிற்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா காலையில் வந்து குளிக்க வார்க்க மட்டும் ஒத்துக்கொண்டார். அதற்கு மேல் அவருக்கும் மானம் மரியாதை உண்டு. மகன் வெளியூரில் பல்கலைக்கழகத்தில். பரீட்சை கொழும்பில், இரண்டு நாள். ஒருவர்தான் போகலாம்.

"எனக்கு இதுதான் கடைசி" என்றேன். "வயசு முடியுது. உமக்கு இன்னும் காலம் கிடக்கு."

"மூண்டு தரம் நீங்க போகேக்க வீட்டில ஆர் இருந்தது?"

"அப்ப மாமி நல்லா நடந்தவ தானே."

"அம்மா நடந்தவ. முதல் தரம் நீங்க போகேக்க பிள்ளை நடக்கேல்ல."

முன்னறையில் இருந்து மாமி குரல் கொடுத்தார்: "அவரைக் கேள், மூண்டு தரம் போய் என்ன கொண்டந்தவர் எண்டு."

"போன தரம் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்புக் கொண்டந்தனான்" என்றேன்.

"மஸ்கட்டாம், அம்மா."

"அதுவும் பழசு" என்றார் மாமி.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். இனி எழுதும் விடைகளில் யாருக்குப் புள்ளி கூட வருகிறதோ அவர் கொழும்புக்குப் போவார். படித்த இரண்டு பேர், ஒரு மேசையில் இருந்து யோசித்து எடுத்த முடிவு இது. போட்டியாளர்கள் இருவரே பரீட்சகர்களும் என்பது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

புள்ளிகள் மளமளவென்று இறங்கின. எட்டு, ஆறானது. ஆறு, மூன்றானது. சாதி பற்றிய ஒரு நல்ல விடைக்கு, உண்மையிலேயே நல்ல விடைக்கு, நான் அவளுக்கு ஒன்றரை போட்டேன். அரைப் புள்ளி கையெழுத்துக்கு. அவள் எனக்குச் சைபர் போட்டு, தலைப்புக்குக் கீழே கோடு இல்லை என்று காரணம் எழுதினாள். கோடு போட்டு மறுபடி கொடுத்தேன். கோடு வளைந்திருக்கிறது என்றாள். ஒருவர் தராசை மற்றவர் பிடித்தால் சமுத்திரத்தையும் அரை றாத்தலென்றுதான் காட்டும்.

"வெளி ஆளிட்டக் குடுப்பம்" என்று அவள்தான் சொன்னாள்.

வெளி ஆள் என்றால் என்னோடு படித்த கிண்ணியாக்காரன். பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கிறான், விடைத்தாள் திருத்தித் திருத்தியே தலைமுடி கொட்டியவன். கேள்வியையும் அவனே தந்தான்: கிழக்குக் கரையில் பெண்வீட்டில் குடியேறும் வழக்கம் குடும்பத்துக்குள் அதிகாரத்தை எப்படிப் பங்கிடுகிறது? கிண்ணியாவிலும் அதே வழக்கம்தான். அவனும் பெண்சாதி வீட்டில் இருப்பவன்.

"உங்கட கூட்டாளிக்கு உங்கட எழுத்துத் தெரியும்" என்று மனைவி இரண்டு விடைகளையும் கொமினிகேசன் கடையில் தட்டச்சுச் செய்வித்தாள். ஒன்றுக்கு 'அ' என்றும் மற்றதற்கு 'ஆ' என்றும் பெயரிட்டாள். 'அ'வை யாரையும் கேளாமல் தனக்கு எடுத்துக்கொண்டாள். இரண்டு பேர் எழுதினது, யாரென்று கேட்காதே என்று சொல்லி அவனிடம் கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை உள்துறைமுகத்தைப் பார்த்த தேத்தண்ணிக் கடையில் அவன் தாள்களோடு வந்திருந்தான். கடை வாசலில் வழமைபோல, ஊருக்குள் திரிகிற மான்கள் மூன்று நான்கு குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன.

"மச்சான், இதுல ஒரு களவு நடந்திருக்குடா" என்று தொடங்கினான். "ரெண்டு பேரும் ஒரே ஊட்டத்தான் எழுதியிருக்காங்க. அதே மாமி, அதே அலுமாரி. ஒரு ஆள் மத்த ஆளப் பாத்து எழுதியிருக்கு."

"ஆர் பாத்து எழுதினது?"

"ஆ தான். வேறென்ன? பாத்து எழுதுறவன்தான் கூடச் சோடிப்பான்."

என் விடையை எனக்கே வாசித்துக் காட்டினான். பெண்வீட்டுக்கு வந்த ஆண், குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழேயும் பூனைக்கு மேலேயும் ஒரு தரத்தில் வைக்கப்படுகிறான் என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு நம்பிக்கை வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒம்பது" என்றான்.

"நீ இவ்வளவு சிரிச்சனீ!"

"சிரிச்சதுக்குத்தான் ஒம்பது. இல்லாட்டி ஏழு. இவன் எழுதுறான் மச்சான், விடை எழுதல்ல."

பிறகு 'அ'வை எடுத்து ஒரு வரியை வாசித்தான்: "வீட்டின் உறுதிப் பத்திரம் பெண்ணின் பெயரில் இருக்கிறது; வீட்டில் ஓய்வாக இருக்கும் நேரம் ஆணின் பெயரில் இருக்கிறது." அதற்குக் கீழே உதாரணம். ஒரே பரீட்சைக்குக் கணவன் மூன்று தடவை போக, மனைவி மூன்று தடவை லீவு எடுத்த வீடு. சொத்து இருக்கிற இடத்திலேயே அதிகாரமும் இருக்கும் என்கிறவர்களை அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், குசினியையும் மேசையையும் காட்டி, தாடிக்காரர் இரண்டு பேரையும் கேற்றடியில் கொண்டுவந்து விட்டிருந்தாள். அலங்காரம் ஒன்றும் இல்லை. அவன் சிரிக்கவில்லை. தேத்தண்ணியை எடுத்தவன் குடிக்காமல் வைத்தான். "எங்கட ஊட்டுக்குள்ளயும் வந்து பாத்திருக்கா போல" என்றான். பதினைந்து.

இந்தக் கதைக்கிடையில் ஒரு மான் வந்து வாங்கில் கிடந்த தாளொன்றை இழுத்தது. 'ஆ'. மானுக்காவது பிடித்திருந்தது.

எழும்பும்போது அவன் என் தோளில் தட்டி, "மாமிட இடுப்பு இப்ப எப்படி மச்சான்?" என்று கேட்டான். இரண்டு விடையிலும் நடைச்சட்டம் வந்திருந்தது. அவன் முதலிலேயே கண்டுபிடித்துவிட்டுத்தான் களவுக் கதையைத் தொடங்கியிருக்கிறான்.

வீட்டுக்கு நடந்தே போனேன். எனக்குக் கோபம் வந்தது. பகிடியான கோபம் இல்லை. என்னுடைய அனுமதி அட்டை அலுமாரிக்குள் இருந்தது. திறப்பைக் கேட்டு வாங்கி, எடுத்துப் பார்த்தேன். இதற்குப் பிறகு இப்படியொரு அட்டை எனக்கு வராது. ஒப்பந்தத்தை மீறிப் போனால் யார் தடுப்பார்கள் என்று ஒரு முழு நாள் யோசித்தேன். ஒருவரும் தடுக்க மாட்டார்கள். மூன்று தரமும் ஒருவரும் தடுக்கவில்லை. அதைத்தான் அவள் பதினைந்து புள்ளிக்கு எழுதியிருந்தாள்.

பரீட்சைக்கு முதல் நாள் விடிய அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். வழியெல்லாம் மாமியின் மருந்துக் குளிசைகளைப் பற்றி, ஒரு முட்டாளுக்குச் சொல்வதுபோல மூன்று தரம் சொன்னாள். நான் முட்டாளைப்போலவே கேட்டுக்கொண்டேன்.

பஸ் வெளிக்கிட இருந்தபோது, "உதாரணம் மறக்காமல் எழுதும்" என்றேன்.

"உங்களை எழுதமாட்டன். பயப்பிடாதேங்கோ."

"ஏன், நான் நல்ல உதாரணம் இல்லையோ?"

"அங்க திருத்துறவைக்கு நம்பேலாமல் போயிடும்."

மொழிபெயர்ப்பாளர் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் மிஞ்சினோம். மாமி முதலில் நடைச்சட்டத்தோடு கதைத்தார். "இந்த வீட்டில ஆராவது ஒரு வாய் சுடுதண்ணி தருவினமோ?" என்று அதனிடம் கேட்டார். நான் கொண்டுபோய் வைத்தேன். "ஆறிப்போச்சு" என்று சுவருக்குச் சொன்னார். சூடாக்கிக் கொண்டுவந்தேன். "நாக்குப் பொத்துப்போச்சு" என்று சுவருக்கே சொன்னார். பகல் சமைத்த மீன் குழம்பைப் பற்றி நாட்காட்டியிடம் முறையிட்டார். எனக்கும் அந்தக் குழம்பைப் பற்றி அதே கருத்துத்தான். ஆனால் நாட்காட்டி ஊடாக ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அடுத்த நாள் காலை, அங்கே கொழும்பில் தாள் கொடுத்திருப்பார்கள் என்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், மாமி நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேசையடிக்கு வந்தார். சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அவள் பாஸ் பண்ணுவாளோ?"

கலியாணத்துக்குப் பிறகு அவர் என் முகத்துக்கு நேரே கேட்ட முதல் கேள்வி அது.

"ஓம் மாமி."

"நீங்க போயிருந்தா?"

முன்னுரை ஒன்று வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"இல்லை மாமி."

"அது எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நடைச்சட்டத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நான் எழுதிய விடைகளுக்குள் முழுப் புள்ளி கிடைத்தது அதற்கு மட்டும்தான்.

மறுநாள் இரவு மனைவி வந்து சேர்ந்தாள். மஸ்கட் கொண்டுவந்திருந்தாள். மாமி ஒரு துண்டு தின்றுவிட்டு, "அவரைக் கேள், இது பழசோ எண்டு" என்றார். எல்லாம் பழையபடி.

மாதக் கணக்கில் காத்திருந்து பெறுபேறு வந்தது. எழுத்துப் பரீட்சையில் தேறியிருந்தாள். அடுத்தது நேர்முகம். அன்று பின்னேரம் நான் நாட்டின் நிலைமை பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"கேளுங்கோ."

"என்னத்தை?"

"நேர்முகத்தில கேக்கிறதெல்லாம். குத்திக் கேக்க வேணும். ஆளை விழுத்தவேணும் எண்டு கேக்க வேணும். அதுக்கு உங்களைவிட்டா ஆர் இருக்கினம்?"

முன்னறையில் நடைச்சட்டம் கதவடிக்கு நகர்கிற சத்தம் கேட்டது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். பெண்களிடம் மட்டும் கேட்கிற, கேட்கவே கூடாத கேள்வியில் இருந்து தொடங்கினேன்.

"நீங்கள் வேற மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனால், உங்கட கணவர் என்ன செய்வார்?"

"வீட்டில இருந்து அம்மாவைப் பாப்பார், சேர்."

விடை சரி. சுருக்கமானது, நேரானது. ஆனால் உதாரணம் இல்லை என்று இரண்டு புள்ளி குறைத்தேன்.