சொதியும் பியரும்

நான் வீட்டில் காய்ச்சிய முதல் இரண்டு பியரும் தேங்காய்ப்பால் சொதி போலக் கலங்கியே வந்தன. மூன்றாவதும் கலங்கினால் தன் பெரிய பானையைத் திருப்பித் தரவேண்டும் என்று மனைவி சொல்லியிருந்தாள். மூன்றாம் முறையும், முளைகட்டிய பார்லியில் எடுத்த மால்ட் சாறு நுரைத்ததும் அடுப்பைக் குறைத்தேன்.

"ஏனப்பா குறைக்கிறியள்? ஒரு மணித்தியாலம் நல்லாக் கொதிக்கவேணுமெண்டு உங்கட புத்தகத்திலயே கிடக்கு," என்றாள் மனைவி.

"கொதிச்சால் திரைஞ்சு போகுமே."

"ஐயோ, அது சொதிக்கு! இது திரையத்தான் வேணும். திரைஞ்சது அடியில இருந்தாத்தானே மேல தெளியும்."

தேங்காய்ப்பாலைக் கொதிக்க விடக்கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சமையல் விதி. ஆறு பியர் புத்தகங்கள் படித்தும் அதை மீறத் துணியவில்லை. அன்று மீறினேன்.

நான்கு வாரம் கழித்து முதல் கிளாஸை யன்னலுக்கு நேரே பிடித்தேன். எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி தெளிவாகத் தெரிந்தது.

மனைவி ஒரு மிடறு குடித்துப் பார்த்தாள். "சொதிதான் நல்லம்," என்றாள். "பானையை வைச்சிருங்கோ."